செல்போன் மட்டும் பேசினால் போதுமா?

காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறுகிற பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை தெரியுமா? 70! அத்தனை வளைவுகளையும் கடந்து பஸ் மேலே போய்ச் சேருகிறது. அரிசி ஏறுகிறது. சிமெண்டு ஏறுகிறது. ஆடிப் பெருக்கின்போது அறப்பளீசுவரரைக் கும்பிட வருகிற கூட்டம் ஏறுகிறது.

கணக்குப் பாடமும் இங்கிலீஷ் பாடமும் ஏறுமா?

"அதற்குப் பஸ்சே வேண்டாம். செல்போன் வழியாகப் பாடம் தானே ஏறிவிடும்" என்கிறார்கள். சென்னையில் இருக்கிற பேராசிரியர் பேசுவார். செம்மேட்டில் இருக்கிற பையன் கேட்பான். மலையும் தடை இல்லை. மழையும் தடை இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பேராசிரியர் பேசுகிறார், சரி. பையன் பேசுகிறானா? அதை யாரும் கேட்பதில்லை.

மலையும் மக்களும்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 14 ஊராட்சிகள் உண்டு. வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு என்று பல ஊராட்சிகளின் பெயரிலேயே "நாடு" இருக்கும். 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி மக்கள் தொகை சுமார் 40 ஆயிரம். பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்து இவர்களைக் கேரளத்துக்காரர் என்று நினைத்து விடக்கூடாது. இவர்கள் பேசுவது தமிழ்.

மிளகு, காப்பி, அன்னாசி, பலா, வாழை, மரவள்ளி எல்லாம் இங்கே விளைகின்றன. சாமையும் தினையும் கேழ்வரகும் பழைய பயிர்கள். வீடுகள் ஒரே இடத்தில் கூட்டமாக இல்லை. இங்கே பத்து வீடு, அந்தப் பள்ளத்தில் எட்டு வீடு, மேட்டுக்கு அப்பால் ஐந்து வீடு. இப்படிப்பட்ட இடத்துக்குச் செல்போன் பாடம் பெரிய உதவிதான். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த உதவி எப்படி வந்து சேர்ந்தது என்பதை நாடே ஒரு தடவை பார்த்துவிட்டது.

மரத்தில் ஏறிய பிள்ளைகள்

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோய் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1-ம் வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கிற குழந்தைகளுக்கு மீண்டும் வகுப்பறை திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஒன்றரை ஆண்டுக்கும் மேல்! இரண்டாம் வகுப்பில் போன குழந்தை நான்காம் வகுப்பில் திரும்பி வந்தது.

அந்தக் காலத்தில் டெலிவிஷனில் பாடம் வந்தது. செல்போனிலும் பாடம் வந்தது. 2021-ல் ஒரு செய்தி எல்லோரையும் திகைக்க வைத்தது. நாமக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மாணவர்கள் சிக்னல் கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி, கிளையில் உட்கார்ந்து ஆன்லைன் பாடம் கேட்டார்கள்! படத்தைப் பார்த்தவர்கள் "ஐயோ பாவம்" என்றார்கள். "டவர் வேண்டும்" என்றார்கள்.

டவர் வேண்டியதுதான். சிக்னல் இல்லாமல் ஆன்லைன் படிப்பு இல்லை.

சிக்னல் நன்றாகக் கிடைத்த ஊர்களில் மட்டும் என்ன நடந்தது? ஆசிரியர் "மைக்கை அணைத்து வையுங்கள், இரைச்சலாக இருக்கிறது" என்பார். 40 பிள்ளைகளும் வாயை மூடிக்கொள்வார்கள். டேட்டா தீர்ந்துவிடும் என்று படத்தையும் அணைத்துவிடுவார்கள். ஆசிரியர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் 40 கறுப்புக் கட்டங்கள். "புரிகிறதா?" என்று கேட்பார். "எஸ் சார்", "எஸ் சார்" என்று வரிசையாக எழுத்து வரும். பிறகு வகுப்பு முடிந்துவிடும்.

அந்த "எஸ் சார்" போட்டவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்தது? எத்தனை பேர் போனை மடியில் வைத்துவிட்டு ஆடு மேய்த்துக் கொண்டிருந்தார்கள்? ஆசிரியருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வகுப்பறையில் என்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். விழிக்கிற பையனை "நீ எழுந்திரு" என்பார். கறுப்புக் கட்டம் விழிப்பதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா

பள்ளி திறந்த பிறகு குழந்தைகள் எவ்வளவு பின்தங்கி இருக்கிறார்கள் என்று ஆராய்ந்து பார்த்தார்கள். பொருளாதார நிபுணர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளைச் சோதித்தார்கள். அதே கிராமங்களில் 2019-ல் அதே வயதுக் குழந்தைகளுக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கணக்கும் அவர்களிடம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டார்கள். இழப்பு பெரிதாக இருந்தது. தமிழைவிடக் கணக்கில் அதிகம்.

ஆனால் ஒரு நல்ல சேதியும் கிடைத்தது. பள்ளி திறந்த 6 மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது! எப்படி? பள்ளிக்கூடம் ஒரு காரணம். "இல்லம் தேடிக் கல்வி" இன்னொரு காரணம். 2021 அக்டோபர் 27-ந் தேதி விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட திட்டம் அது. மாலை நேரத்தில் ஊரிலேயே உள்ள ஒரு தொண்டர் குழந்தைகளைக் கூட்டி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். திரும்பிய அறிவில் ஏறக்குறைய கால் பங்கு, அதாவது 24 சதவீதம், இந்த மாலை வகுப்பினால் வந்தது என்று அந்த ஆராய்ச்சி சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அந்தத் தொண்டர் பெரிய படிப்பாளி அல்ல. பேராசிரியர் அல்ல. பக்கத்து வீட்டு அக்கா! ஆனால் அவளுக்கு ஒவ்வொரு குழந்தையின் பெயரும் தெரியும். வராவிட்டால் வீட்டுக்குப் போய் "ஏன் வரவில்லை?" என்று கேட்பாள். தப்பாகச் சொன்னால் உடனே திருத்துவாள். செல்போனால் செய்ய முடியாததை அவள் செய்தாள்.

படித்தவர்களும் பாதியில் நிற்கிறார்கள்

"மலைப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை. அதனால்தான் ஆன்லைன் படிப்பில் நிலைப்பதில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். இது பெரிய அநியாயம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. என்று உலகப் புகழ் பெற்ற இரண்டு கல்வி நிலையங்கள் உள்ளன. அவை ஆன்லைனில் பாடம் நடத்துகின்றன. யார் வேண்டுமானாலும் சேரலாம். லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் பட்டதாரிகள். நல்ல கம்ப்யூட்டர், நல்ல சிக்னல், எல்லாம் உள்ளவர்கள். 2017-18-ல் அவர்களில் எத்தனை பேர் பாடத்தை முடித்தார்கள்? நூற்றுக்கு 3 பேர்! 2019-ல் "சயின்ஸ்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வந்த கணக்கு இது.

பணம் கட்டிச் சான்றிதழுக்காகச் சேர்ந்தவர்களில் மட்டும் நூற்றுக்கு 46 பேர் முடித்தார்கள். கைக்காசு போட்டவன் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறான்! ஆனால் அவர்களிலும் பாதிக்கு மேல் நின்றுவிட்டார்கள்.

ஆக, இது கொல்லிமலையின் குறை அல்ல. தனியாக உட்கார்ந்து, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், யாரும் கேள்வி கேட்காமல், ஒரு பெட்டியைப் பார்த்துக் கொண்டே படிப்பது மனிதனுக்கு ஒத்து வருவதில்லை. அமெரிக்கப் பட்டதாரிக்கே ஒத்து வரவில்லை. 12 வயதுப் பெண் குழந்தைக்கு எப்படி ஒத்து வரும்?

பார்ப்பதா, செய்வதா?

இன்னும் இரண்டு ஆராய்ச்சிகள் உண்டு. ஒன்று 2014-ல் வந்தது. ஆன்லைன் பாடப் படங்களை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் தடவைகளை எடுத்து அலசினார்கள். படம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் ஊன்றிப் பார்ப்பது 6 நிமிஷம்தான் என்று தெரிந்தது. அதற்கு மேல் மனம் ஓடிவிடுகிறது. பெரிய ஸ்டுடியோவில் செலவு செய்து எடுத்த படத்தைவிட, ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து பேசுவது போல எடுத்த எளிய படத்தைத்தான் மாணவர்கள் அதிக நேரம் பார்த்தார்களாம். செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்!

மற்றொன்று 2015-ல் வந்தது. ஆன்லைன் பாடத்தில் படம் பார்த்தவர்கள், பக்கம் படித்தவர்கள், பயிற்சி செய்து பார்த்தவர்கள் எல்லோரையும் ஒப்பிட்டார்கள். பார்ப்பதாலும் படிப்பதாலும் கிடைத்த பயனைவிடச் செய்து பார்ப்பதால் கிடைத்த பயன் 6 மடங்கு!

கொல்லிமலைத் தாய்மார்களுக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவை இல்லை. சாமை குத்துவதைப் பார்த்துக் கொண்டே இருந்தால் குத்தத் தெரிந்துவிடுமா? உலக்கையைக் கையில் எடுத்தால்தான் தெரியும்.

ரேடியோ காலத்திலேயே கண்ட உண்மை

இது செல்போனோடு வந்த வியாதி அல்ல. ரேடியோ காலத்திலேயே இந்தக் கேள்வி வந்தது. அப்போதே விடையும் கண்டுபிடித்தார்கள். அதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

1956-ம் ஆண்டு. புனா நகரத்து வானொலி நிலையம் கிராமத்தாருக்காக ஒரு ஏற்பாடு செய்தது. யுனெஸ்கோ என்ற உலக நிறுவனம் உதவி செய்தது. சுமார் 150 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் சுமார் 20 பேர் கொண்ட ஒரு குழு. வாரம் இரண்டு தடவை, அரை மணி நேரம் விவசாயம், சுகாதாரம் போன்ற விஷயங்களைப் பற்றி வானொலியில் பேசுவார்கள். மொத்தம் 20 நிகழ்ச்சிகள்.

வெறுமனே கேட்டுவிட்டுப் போகவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் 20 பேரும் அங்கேயே உட்கார்ந்து விவாதிப்பார்கள். "நம் ஊரில் இது நடக்குமா? எலியை எப்படி ஒழிப்பது? யார் பொறுப்பு?" என்று பேசுவார்கள். சந்தேகம் வந்தால் வானொலி நிலையத்துக்கு எழுதிப் போடுவார்கள். வானொலி பதில் சொல்லும்.

பால் நூராத் என்ற சமூகவியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். மூன்று விதமான கிராமங்களைப் பார்த்தார். ரேடியோவும் குழுவும் உள்ள கிராமம். ரேடியோ மட்டும் உள்ள கிராமம். ரேடியோவே இல்லாத கிராமம். முடிவு என்ன? குழு உள்ள கிராமங்களில் மக்களின் அறிவு நன்றாக வளர்ந்திருந்தது. ரேடியோ மட்டும் உள்ள கிராமங்களில் மிகச் சொற்ப வளர்ச்சிதான். பெட்டி இருந்தது. பாட்டு கேட்டார்கள். பாடம் ஏறவில்லை!

பெட்டிக்குப் பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேசினால்தான் பெட்டிக்கு மதிப்பு. எலி ஒழிப்புக்கு இது உண்மையானால் எட்டாம் வகுப்புக் கணக்குக்கும் இது உண்மைதான்.

தமிழ்நாட்டிலும் உதாரணம் உண்டு. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னது. தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! கேட்டதை அவர்கள் காதோடு விடவில்லை. வயலில் விதைத்துப் பார்த்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து "உனக்கு எத்தனை மூட்டை கண்டது?" என்று பேசினார்கள். பாடம் அப்படித்தான் பரவியது.

மிளகே பாடம்

சரி, கொல்லிமலையில் என்ன செய்யலாம்?

முதலில் கேள்வியை மலைக்குக் கொண்டு வர வேண்டும். ஆன்லைன் பாடத்தில் வருகிற கேள்விகள் எப்படி இருக்கின்றன? "ஒரு மெட்ரோ ரெயில் மணிக்கு இத்தனை மைல் வேகத்தில் போகிறது" என்று இருக்கும். மெட்ரோ ரெயிலைக் காணாத பையனுக்கு அது கதை. அவன் வாய் திறக்கமாட்டான்.

"உன் வீட்டில் ஒரு கிலோ பச்சை மிளகைக் காயப் போடு. காய்ந்த பிறகு நிறுத்துப் பார். எவ்வளவு மிஞ்சியது?" என்று கேட்டுப் பாருங்கள்! சுமார் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். ஒருவன் 330 கிராம் என்பான். இன்னொருவன் 360 என்பான். ஏன் வித்தியாசம்? யார் நன்றாகக் காய வைத்தது? யார் முற்றாத மிளகைப் பறித்தது? அங்கே பின்னக் கணக்கும் வந்துவிட்டது, சதவீதமும் வந்துவிட்டது, சண்டையும் வந்துவிட்டது! அந்தச் சண்டைதான் படிப்பு.

"பச்சை மிளகு காய்ந்தால் ஏன் கறுக்கிறது?" என்று கேட்டால் அது விஞ்ஞானப் பாடம். தோலில் உள்ள ஒரு பொருள் காற்றோடு சேர்ந்து கறுத்துப் போகிறது. வாழைப்பழத் தோல் கறுப்பதும் ஏறக்குறைய இதே முறையில்தான். அதைக் குழந்தை தானே தோட்டத்தில் பார்த்துச் சொல்லட்டும். போனில் படம் பிடித்து அனுப்பட்டும். அப்போது போன் பார்க்கிற கருவியாக மட்டும் இல்லாமல் பேசுகிற கருவியாகவும் மாறுகிறது.

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

அடுத்தது ஆசிரியரின் பங்கு. 40 பேரிடம் "புரிகிறதா?" என்று கேட்பது கேள்வியே அல்ல. ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டால் அதுதான் கேள்வி. இன்று ஐந்து பேர், நாளை ஐந்து பேர் என்று முறை வைத்தால் எட்டு வகுப்பில் எல்லோரையும் கேட்டுவிடலாம்.

எழுதக் கூச்சப்படுகிற பிள்ளை குரலில் பதில் சொல்லட்டும். வாட்ஸ்அப்பில் குரலை அனுப்ப முடியும். சிக்னல் இல்லாவிட்டால் வீட்டில் பேசிப் பதிந்து வைத்துக் கொள்ளலாம். சிக்னல் உள்ள மேட்டுக்கு வரும்போது அது தானே போய்ச் சேரும். இதற்கு மரத்தில் ஏற வேண்டியதில்லை! நேரடி வகுப்பைவிட இந்த முறை மலைக்கு எவ்வளவோ வசதி. சரியாக 10 மணிக்குச் சிக்னல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து திரும்பி வந்த பிறகு அவருடைய போனிலும் செய்யலாம். பல வீடுகளில் போன் ஒன்றுதான். அது காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது!

பதில் வந்தால் ஆசிரியரும் பதில் சொல்ல வேண்டும். அதுவும் மறுநாளைக்குள். பத்து நாள் கழித்து "நன்று" என்று ஒரு சொல் வந்தால் பிள்ளைக்குக் கேள்வியே மறந்து போயிருக்கும்.

இன்னொன்று. மலைப் பேச்சில் பதில் வந்தால் சிரிக்கக் கூடாது. மலையாளி மக்களின் தமிழில் சில சொற்களும் ராகமும் வேறு மாதிரி இருக்கும். அது தப்புத் தமிழ் அல்ல. மற்ற பிள்ளைகள் ஒரு தடவை சிரித்தால் போதும். அந்தக் குழந்தை அந்த வருஷம் முழுவதும் மைக்கைத் திறக்காது. சிக்னல் கெட்டால் சரி செய்யலாம். கெட்ட மனத்தைச் சரி செய்வது கடினம்.

"படத்தைப் போடு, முகத்தைக் காட்டு" என்று கட்டாயப்படுத்துவதும் சரி அல்ல. பின்னால் ஓட்டை விழுந்த சுவர் தெரியும். தம்பி அழுவது தெரியும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு இது பெரிய சங்கடம். குரல் கேட்டால் போதும்.

பெண் குழந்தைகளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வீட்டில் போன் ஒன்று. அண்ணனும் தங்கையும் படிக்கிறார்கள். போன் யார் கையில் இருக்கும்? சொல்லத் தேவையில்லை. தங்கையின் பெயர் பதிவேட்டில் இருக்கும். ஆனால் அவள் குரல் ஒரு நாளும் வராது. யார் குரல் ஒரு வாரமாக வரவில்லை என்று ஆசிரியர் குறித்து வைத்தால், பட்டியலில் பெரும்பாலும் பெண் பெயர்களே இருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தப் பட்டியலைப் பார்த்து வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டும். மிரட்டுவதற்கு அல்ல. "உன் குரலைக் கேட்டு நாளாயிற்றே அம்மா!" என்று சொல்வதற்கு.

ஐந்து பேருக்கு ஒரு போன்

தனித்தனிப் போன் வேண்டும் என்பது அவசியமே இல்லை. புனாவில் 20 பேருக்கு ஒரு ரேடியோ இருந்தது. பள்ளத்தில் உள்ள எட்டு வீட்டுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால், ஐந்து பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே போனில் பாடம் பார்க்கலாம். ஆறு நிமிஷம் பார்த்ததும் நிறுத்த வேண்டும். "என்ன சொன்னார்?" என்று ஒருவன் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அடுத்தவள் திருத்துவாள். பிறகு மேலே ஓட்ட வேண்டும்.

அந்தத் திண்ணைக்கு ஒரு அக்கா வேண்டும். பன்னிரண்டாவது படித்துவிட்டு ஊரில் இருக்கிற பெண் போதும். பாடம் நடத்த வேண்டியதில்லை. நிறுத்தச் சொல்வது, பேச வைப்பது, வராதவனைத் தேடுவது, விளங்காத கேள்வியை ஆசிரியருக்கு அனுப்புவது. இவ்வளவுதான் அவள் வேலை. அதற்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். "சேவை" என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கக் கூடாது. அவளும் மிளகு பறிக்கப் போனால் கூலி கிடைக்கும் அல்லவா?

தாய்மார்கள் கவனத்துக்கு

"எங்களுக்கு எழுத்துத் தெரியாது. நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள். செய்ய முடியும்! ராத்திரிச் சோறு போடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். "இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? நீ என்ன பதில் சொன்னாய்? எது விளங்கவில்லை?" விடை சரியா, தப்பா என்று பார்க்க வேண்டாம். அம்மாவுக்கு விளங்குகிற மாதிரி எடுத்துச் சொல்ல முயற்சி செய்யும்போதே குழந்தைக்குப் பாதி விளங்கிவிடும். எழுத்துத் தெரியாத தாய்க்கு விளங்க வைப்பது பரீட்சை எழுதுவதைவிடப் பெரிய பரீட்சை.

"நீ என்ன பதில் சொன்னாய்?" என்ற இரண்டாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "ஒன்றும் சொல்லவில்லை அம்மா" என்று நாலு நாள் தொடர்ந்து பதில் வந்தால் ஆசிரியருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

மார்க் போட்டால் பேசுவார்களா?

சில இடங்களில் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கலந்துரையாடலில் ஏதாவது எழுதினால் 5 மார்க்! உடனே எல்லோரும் எழுதுகிறார்கள். என்ன எழுதுகிறார்கள்? "நல்ல பாடம். நன்றி ஐயா." முதல் பையன் எழுதியதையே 39 பேரும் நகல் எடுத்துப் போடுகிறார்கள். எண்ணிக்கை பிரமாதம். படிப்பு பூஜ்யம். பேசியதற்கு மார்க் போடுவதைவிட, கேள்வி கேட்டவனை நாலு பேர் முன்னால் "நல்ல கேள்வி கேட்டாய்" என்று சொல்வது மேல்.

"இவ்வளவு செய்வதற்குப் பதில் மலையில் நல்ல பள்ளிக்கூடமும் போதுமான ஆசிரியர்களும் போட்டுவிடலாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். செல்போனைக் காட்டி ஆசிரியர் பதவியைக் காலியாக வைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பன்னிரண்டாவது வகுப்புக்கு மேல் போகிறவனுக்கு மலையில் எல்லாப் படிப்பும் கிடைத்துவிடாது. அங்கேதான் ஆன்லைன் படிப்பின் உண்மையான பயன் இருக்கிறது.

கல்லூரி மாணவர்களுக்கு

சென்னை ஐ.ஐ.டி. முதலான கல்வி நிலையங்கள் சேர்ந்து "என்.பி.டெல்" என்ற பெயரில் ஆன்லைன் பாடங்கள் நடத்துகின்றன. 2014 முதல் சான்றிதழும் கொடுக்கிறார்கள். பாடத்தில் சேருவது இலவசம். வாரா வாரம் பயிற்சிக் கேள்விகள் உண்டு. 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த 8 பயிற்சிகளை எடுத்து நூற்றுக்கு 25 மார்க்; கடைசித் தேர்வுக்கு 75 மார்க். அதாவது வாரம் தவறாமல் கை வைத்தால்தான் பலன். இது நல்ல முறை. ஆனால் கடைசித் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. தேர்வை வீட்டில் எழுத முடியாது; மையத்துக்கு நேரில் போக வேண்டும்.

இங்கேதான் மலை மாணவன் நழுவுகிறான். பன்னிரண்டு வாரம் பாடம் பார்த்திருப்பான். பயிற்சியும் செய்திருப்பான். காலை 9 மணித் தேர்வுக்கு எங்கேயோ ஒரு நகரத்துக்குப் போக வேண்டும். உள்ளே இருக்கிற ஊர்க்காரன் முந்தின நாளே 70 வளைவும் இறங்க வேண்டியிருக்கும். ராத்திரி தங்க இடம் வேண்டும். தேர்வுக் கட்டணம், பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு எல்லாம் சேர்ந்தால் பல நாள் கூலி. "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவான். கணக்கில் அவனும் அந்த "முடிக்காதவர்"களில் ஒருவன்!

மலை மாணவர்களின் தேர்வுக் கட்டணத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும். செம்மேட்டிலேயே ஒரு தேர்வு மையம் வைக்க வழி உண்டா என்று அதிகாரிகள் பார்க்க வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர்களும் மின்சாரமும் கண்காணிப்பாளரும் வேண்டும். அது முடியாவிட்டால் தேர்வு நாளில் பத்து மாணவர்களைச் சேர்த்து ஒரு வேனில் அழைத்துப் போய், ராத்திரி தங்க நாமக்கல்லில் உள்ள அரசு மாணவர் விடுதியில் இடம் ஒதுக்கிக் கொடுக்கலாம். பெண் மாணவிகளுக்குத் துணைக்கு அந்தத் திண்ணை அக்காவையே அனுப்பலாம்.